பிகாஸ் அங்கிள்

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். ரெண்டு வாட்டி ஆரம்பிச்சு ரெண்டு வாட்டியும் அழிச்சிட்டேன். எங்க தமிழ்ச் சங்கத்துல ஆண்டு மலர் போடுறாங்க, 'மறக்க முடியாத மனிதர்'னு ஒரு பகுதி, யார் வேணா எழுதலாம்னு குரூப்ல மெசேஜ் வந்துச்சு. நான் ஆறாங்கிளாஸோட சென்னைய விட்டு ஜெர்சிக்கு வந்தவன். இங்கயும் காலேஜ்ல ஒரே ஒரு செமஸ்டர்தான் உக்காந்தேன். மலருல எழுதுற மூஞ்சியாடா இதுன்னு என்னையே கலாய்ச்சிக்கிட்டு போன மூடி வெச்சிட்டேன். அப்புறம் ஏன் எழுதுனேன்னு கேட்டா, படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க.

அங்கிள் பேரு வேணாம். கடையில யாரும் அவர பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்ல. 'பிகாஸ் அங்கிள்'னுதான் சொல்லுவோம். அந்தப் பேர வெச்சது நான்தான். நல்ல விஷயத்துல எல்லாம் என் பங்கு கம்மி, இந்த மாதிரி விஷயத்துல நான்தான் முன்னாடி நிப்பேன்.

ஜெர்சி சிட்டியில ஜர்னல் ஸ்கொயர் பக்கத்துல ஒரு இந்தியன் க்ரோசரி கடை. நான் அங்க ஸ்டாக் ரூம்ல இருந்தேன், கார்த்தி கேஷ் கவுன்ட்டர்ல. அங்கிள் வந்து சேந்தப்ப அவருக்கு அம்பத்தஞ்சு இருக்கும். கோவில்பட்டி பக்கம். தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து, ஆன்ட்டியோட அண்ணன் போட்ட க்ரீன் கார்டுல குடும்பத்தோட வந்தவரு. ஏப்ரனுக்கு உள்ள இஸ்திரி போட்ட முழுக்கை சட்டை. சட்டப் பையில ரெண்டு பேனா. அரிசி மூட்ட தூக்குற எடத்துல எதுக்கு ரெண்டு பேனான்னு நான் கேட்டேன். "ஒண்ணு எழுத. இன்னொண்ணு, எழுதிட்டு இருக்கும்போது மை தீந்துட்டா எழுத"ன்னாரு. ரொம்ப சீரியஸா.

மொத நாளே எங்கிட்ட வந்தாரு.

"தம்பி, உங்கிட்ட ஒரு உதவி வேணும். ஏன் வேணும்னு மொதல்ல சொல்லிர்றேன். என்ன வேணும்னு அப்புறமா சொல்றேன்."

"காசா அங்கிள்?"

"காசு இல்லப்பா. இங்கிலீசு."

அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சிராதீங்க. ஆபீஸ் லெட்டர் எல்லாம் பிச்சு உதறுவாரு. ஆனா அந்த இங்கிலீஷ இங்க யாரும் பேசல. அதுதான் அவரு பிரச்சன. "நாங்க போஸ்ட்போன்னு எழுதுவோம், இவனுங்க புட் ஆஃப்ங்கான். நாங்க டாலரேட்டுன்னா இவனுங்க புட் அப் வித்துங்கான். முந்தி வர்ற சொல்லு ஒண்ணுதான் தம்பி, பின்னால ஆட்டுற வாலுதான் வேற வேற."

அந்த அப், அவுட், ஆஃப் எல்லாத்துக்கும் அவரு வெச்ச பேரு வாலு. இஃப், வென், அன்டில், பிகாஸ், இதுக்கெல்லாம் கொக்கின்னு பேரு. ஒரு வாக்கியத்த இன்னொரு வாக்கியத்துல கொக்கி போட்டு மாட்டுதுல்ல, அதனால. எனக்கு இதெல்லாம் இருக்குன்னே தெரியாது. நான் பாட்டுக்கு பேசிட்டுத் திரிஞ்சேன். என் வாயில இத்தன வாலு, கொக்கி இருக்குன்னு அவரு சொல்லித்தான் தெரியும்.

அவருக்கு வேண்டியது ஒரு நாளைக்கு ரெண்டு வாக்கியம். நான் ரோட்டுல, வீட்டுல பேசுற மாதிரி. அதுல ஒரு வாலு, ஒரு கொக்கி கண்டிப்பா இருக்கணும். பதிலுக்கு ஆன்ட்டி குடுத்து விடுற சாப்பாட்டுல எனக்குப் பாதி. ஆன்ட்டி செய்யுற புளியோதரைக்கு நான் ரெண்டு இல்ல, இருபது வாக்கியம் சொல்லுவேன்.

காலையில பொட்டிய அறுத்துப் பிரிப்பாரு. மூடியோட உள்பக்கம் மார்க்கரால எழுதுவாரு. 'ஐ வில் க்ளீன் அப் ஆஃப்டர் ஐ புட் அவே த லென்டில்ஸ்.' பருப்ப எடுத்து அடுக்கிட்டு சுத்தம் பண்றேன். இத அன்னிக்குப் பூரா சொல்லுவாரு. எங்கிட்ட, கார்த்திகிட்ட, பால் போட வர்ற ட்ரைவர்கிட்ட, ஆள் இல்லன்னா பருப்புகிட்டயே. சாயங்காலம் அந்தப் பொட்டி எல்லாம் மடங்கி ரீசைக்கிளிங்குக்குப் போயிரும். மறுநாள் புதுப் பொட்டி, புது வாக்கியம்.

நான் சும்மா இருப்பனா? வாக்கியத்த நீட்டி நீட்டிக் குடுப்பேன். ஒரே மூச்சுல அஞ்சு கொக்கி மாட்டி சொல்லணும்னு பந்தயம் கட்டுவேன். அவரு மூச்சு முட்டி நாலாவது கொக்கியில நிப்பாரு, நானும் கார்த்தியும் சிரிச்சு உருளுவோம். அவரும் சிரிப்பாரு. "நாளைக்கிப் பாரு லே, மூச்ச மிச்சம் வெச்சுக்கிட்டு வாரேன்."

ஒருநாள் ஒரு அக்கா வந்து கறிவேப்பில எங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. அங்கிள் நிமிந்து நின்னாரு. எனக்குத் தெரிஞ்சு போச்சு, இன்னிக்கு அக்கா மாட்டுச்சுன்னு.

"கறி லீவ்ஸ் ஹேவ் ரன் அவுட், பட் இஃப் யூ ஹேங் ஆன் அன்டில் த ட்ரக் ஷோஸ் அப், ஐ வில் புட் அசைட் டூ பேக்கட்ஸ், பிகாஸ் யூ ஆஸ்க்ட் ஃபர்ஸ்ட்."

அந்த அக்கா அவர மேலயும் கீழயும் பாத்துட்டு, "அண்ணே, கறிவேப்பில இருக்கா, இல்லயா?"ன்னாங்க.

"தீந்துருச்சும்மா. லாரி வருது. மொதல்ல கேட்டது நீங்க, அதனால ஒங்களுக்கு ரெண்டு எடுத்து வெக்கேன்."

தமிழ்லயும் அதேதான், பாத்தீங்களா. வாலு மட்டும்தான் இங்க வந்து ஒட்ட வெச்சது. கொக்கி அவரு ஒடம்புலயே இருந்துச்சு. தாலுகா ஆபீஸ்ல முப்பது வருஷம் மனு வாங்கி வாங்கி வந்த பழக்கம். காரணம் எழுதாத மனுவ திருப்பிக் குடுத்துருவாராம். "காரணம் சொல்லாம கேட்டா ஒண்ணு அது அதிகாரம், இல்ல அது பிச்ச. ரெண்டும் மனுசனுக்கு மனுசன் பண்ணக்கூடாது தம்பி." இத அவரு எங்கிட்ட நூறு தடவ சொல்லிருப்பாரு. நான் நூறு தடவயும் கொட்டாவி விட்டிருக்கேன்.

ஆனா அது வேல செஞ்சுச்சு, அதையும் சொல்லணும். ஒரு தடவ கடைக்குப் பின்னாடி எங்க ட்ரக்க மறிச்சு ஒருத்தன் பிக்கப் வண்டிய நிறுத்திட்டு உள்ள உக்காந்து சாண்ட்விச் சாப்டுட்டு இருந்தான். ஓனர் போயி "மூவ், மூவ்"னு கத்துனாரு. அவன் கண்ணாடிய ஏத்திட்டான். நான் போயி கொஞ்சம் நக்கலா பேசுனேன். அவன் பாட்டு சவுண்ட கூட்டிட்டான். அங்கிள் ஏப்ரன கழட்டி வெச்சிட்டு போனாரு. கண்ணாடிய ஒரு விரலால தட்டுனாரு.

"சார், குட் யூ புல் அப் எ லிட்டில், பிகாஸ் அவர் ட்ரக் கேனாட் பேக் அவுட் வைல் யூ ஆர் ஹியர். ஆஃப்டர் இட் லீவ்ஸ், ப்ளீஸ் கம் பேக் அண்ட் ஃபினிஷ் யுவர் லன்ச்."

எங்க ட்ரக் வெளிய போகணும், கொஞ்சம் நகந்துட்டு திரும்ப வந்து சாப்பிடுங்கன்னு கேட்டுட்டாரு. அவன் ஒரு செகண்ட் பாத்தான். சாண்ட்விச்ச டாஷ்போர்டு மேல வெச்சான். "யெஸ் சார்"னான். வண்டிய எடுத்துட்டான். சாருன்னு எங்கள அந்தக் கடையில யாருமே கூப்பிட்டதில்ல.

அன்னிக்குத்தான் நான் அவரு போட்டோவ எடுத்து, கீழ பெருசா 'பிகாஸ்'னு எழுதி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் பண்ணேன். ஒரே வாரத்துல ஓனர், கார்த்தி, ட்ரைவர், கஸ்டமர் எல்லார் போன்லயும் இருந்துச்சு. அங்கிளே அத வாங்கி வீட்டு குரூப்ல போட்டுக்கிட்டாரு. கோவமே வராது மனுஷனுக்கு. அதான் எனக்கு எளக்காரமா போச்சுன்னு இப்பத் தோணுது.

இந்த இங்கிலீஷ் எல்லாம் எதுக்குன்னு ஒரு மதியம் கேட்டேன். சோத்து டப்பாவ மூடி வெச்சிட்டு, மொதல்ல காரணத்த சொன்னாரு, வழக்கம்போல.

அவருக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன். க்ரீன் கார்டு வரதுக்கு எத்தனையோ வருஷம் காத்துக் கெடந்தாங்க. வந்தப்ப பொண்ணுக்கு இருபத்தோரு வயசு தாண்டிருச்சு. வயசு தாண்டுனா அப்பா அம்மாவோட சேந்து வர முடியாது. பையனக் கூட்டிக்கிட்டு மூணு பேர் ப்ளேன் ஏறுனாங்க, பொண்ணு மதுரையில ஹாஸ்டல்ல இருந்துட்டா. இங்க வந்ததும் அவ பேர்ல அங்கிள் மனு போட்டுட்டாரு. அதுல ஒரு சிக்கல். அப்பா வெறும் க்ரீன் கார்டுல இருக்கும்போது பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டா அந்த மனு அன்னியோட காலி. அப்பா சிட்டிசன் ஆனதுக்கப்புறம் பண்ணிக்கிட்டா மனு உயிரோட இருக்கும்.

"அவளுக்கு ஒரு பையனப் பேசி வெச்சிருக்கு. அவ கூட வேல பாக்குறவன், தங்கமான பய. அவன் வீட்டுல நான் சிட்டிசன் ஆகுற வரைக்கும் பொறுத்துக்கிறேன்னு சொல்லிருக்காங்க. எம்புட்டு நாள் பொறுப்பாங்க தம்பி? பரிச்சைக்கு இங்கிலீசுலதான் பேசணுமாம். நான் தடுமாறி நின்னா அவ கல்யாணம் தடுமாறி நிக்கும்."

எனக்கு சிரிப்பு வரல. அத பதிவு பண்ணிக்கிறேன். எப்பயும் சிரிச்சிட்டே இருந்தேன்னு நெனச்சிராதீங்க.

அஞ்சு வருஷம் முடிஞ்சதும் சிட்டிசன்ஷிப் ஃபார்ம ரொப்பணும். அவரு பையன் வேற ஊர்ல காலேஜ். ஆன்ட்டி ஒரு டேகேர் கிச்சன்ல வேல, காலையில போனா சாயங்காலம்தான். வக்கீல்கிட்ட போறேன்னாரு. நான்தான் பெரிய இவனாட்டம், "எதுக்கு அங்கிள் வக்கீலு, நான் ரொப்பித் தரேன். எங்கப்பாவுக்கு லைசன்ஸ் ஃபார்ம் நான்தான் ரொப்புனேன்"னேன். ஸ்டாக் ரூம்ல ரவ மூட்ட மேல லேப்டாப்ப வெச்சு ஆரம்பிச்சேன். லன்ச் டைம். அவரு பக்கத்துல டப்பாவோட உக்காந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கத சொன்னாரு. பழைய அட்ரஸ் கேட்டா அந்த வீட்டுக் கொல்லையில இருந்த கொய்யா மரம் வரைக்கும் வரும்.

ஒரு கேள்வி வந்துச்சு. உங்கள எப்பயாவது போலீஸ் கைது பண்ணுச்சா, புடிச்சு வெச்சுதா, எந்தக் காரணத்துக்காகவாவது.

அங்கிள் டப்பாவ கீழ வெச்சாரு. "யெஸ் போடு."

நான் திரும்பிப் பாத்தேன். "என்ன அங்கிள், கொலயா?"

"பென்ஷன் பிரச்சனைக்கு ஸ்ட்ரைக். கலெக்டர் ஆபீஸ் முன்னால உக்காந்தோம். வேன்ல ஏத்துனாங்க. ஒரு கல்யாண மண்டபத்துல கொண்டு போயி வெச்சாங்க. வரிசையா நிக்க வெச்சு பேர் எழுதுனாங்க. தக்காளி சாதம் போட்டாங்க. பொழுது சாஞ்சதும் போங்கன்னாங்க."

"அங்கிள், இது அரெஸ்ட்டா? இது விசேஷம். மொய் வெச்சீங்களா?"

கவுன்ட்டருக்குக் கேக்குற மாதிரி கத்துனேன், "டேய் கார்த்தி, நம்ம அங்கிள் பழைய கைதிடா! கல்யாண மண்டபத்துல தக்காளி சாதம் தின்ன கேஸு!" கார்த்தி அங்கருந்து சல்யூட் அடிச்சான். அங்கிளும் சிரிச்சாரு. சிரிச்சிட்டு, "ஆனா யெஸ்ஸுதான் போடணும். எந்தக் காரணத்துக்காகவாவதுன்னு கேக்கான்ல. காரணத்த நான் நேர்ல சொல்லிக்கிறேன்"னாரு.

யெஸ் போட்டேன். போட்டதும் அதுக்குக் கீழ பொட்டி பொட்டியா தொறந்துச்சு. எந்தத் தேதி, எந்த ஊரு, எந்தச் சட்டம், கேஸ் என்னாச்சு, கோர்ட் பேப்பர் எங்க. அங்கிளுக்குத் தேதி ஞாபகம் இல்ல. வீட்டுல டைரியில இருக்கும், பாத்துட்டு நாளைக்கி சொல்றேன்னு எந்திரிச்சு கை கழுவப் போனாரு.

எனக்கு அன்னிக்கு நாலு மணிக்கு மேட்ச். டென்னிஸ் பால் கிரிக்கெட். நான்தான் ஓப்பனிங். நாளைக்கும் இந்தக் கதையெல்லாம் கேக்கணுமான்னு இருந்துச்சு. கல்யாண மண்டபத்துல வெச்சதெல்லாம் ஒரு கைதா, நம்ம ஊருல யாரு இதெல்லாம் கணக்குல எடுப்பான்னு நெனச்சேன். யெஸ்ஸ எடுத்துட்டு நோ போட்டேன். பொட்டி எல்லாம் மூடிக்கிச்சு. கடைசியில ஒண்ணு கேட்டுச்சு, இந்த ஃபார்ம ரொப்ப யாராச்சும் உதவி பண்ணாங்களா. பண்ணுனவன் பேரு, அட்ரஸ், கையெழுத்து. அதுக்கும் நோ.

அவரு கைய தொடச்சிக்கிட்டு வந்தாரு. "தேதி இல்லாம முடிக்க முடியுமா தம்பி?"

"எல்லாம் போட்டுட்டேன் அங்கிள். இங்க ஒரு கையெழுத்து."

மௌஸப் புடிச்சு, நாக்க கடிச்சிக்கிட்டு, கையெழுத்து போட்டாரு. காரணம் கேக்கல. எங்கிட்ட அவரு காரணம் கேக்காத ஒரே எடம் அது.

மறுநாள் காலையில ஒரு பொட்டி மூடிய எடுத்துட்டு வந்து நீட்டுனாரு. ராத்திரி முழுக்க யோசிச்சாராம். 'வென் வி வாக்ட் அவுட் ஓவர் அவர் பென்ஷன், த போலீஸ் ரவுண்டட் அஸ் அப் அண்ட் கெப்ட் அஸ் இன் எ வெட்டிங் ஹால் அன்டில் இட் காட் டார்க், ஆஃப்டர் விச் தே லெட் அஸ் கோ, பிகாஸ் வி ஹேட் டன் நோ ஹார்ம்.' வாலும் கொக்கியுமா ரயில் மாதிரி ஒரு வாக்கியம். அதுல திருத்த எனக்கு ஒண்ணுமே இல்ல. அந்த மூடிய மட்டும் அவரு ரீசைக்கிளிங்குல போடல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு.

அந்த எடத்துல நான் சொல்லிருக்கலாம். அங்கிள், நான் நோ போட்டுட்டேன், மாத்திரலாம்னு. அப்பவும் மாத்திருக்கலாம். அதுக்கப்புறம் மூணு மாசம், நான் ஆபீசர் மாதிரி மூக்கால பேசி, ரவ மூட்ட மேல கால் போட்டு உக்காந்து அவருக்கு ரிகர்சல் குடுத்தேன். "ஹேவ் யூ எவர் பீன் அரெஸ்டட்?" அவரு கைய கட்டி நின்னு அந்த வாக்கியத்த ஒப்பிப்பாரு. ஒவ்வொரு தடவயும் இப்ப சொல்லிரலாம்னு வாயெடுப்பேன். ஒவ்வொரு தடவயும் ஒரு ஜோக்கப் போட்டு அமுக்கிருவேன். "மிஸ்டர், வாட் அபவுட் த டொமாட்டோ ரைஸ்?"னு கேப்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்க வெக்கிறவன யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

இன்டர்வியூ அன்னிக்கு நெவார்க் இமிக்ரேஷன் ஆபீசுக்கு நான்தான் ட்ரைவ் பண்ணேன். புதுச் சட்ட, அதே ரெண்டு பேனா. போற வழி பூரா பேசுனாரு. "தம்பி, ஜன்னல கொஞ்சம் ரோல் டவுன் பண்ணு, பிகாஸ் எனக்கு வேர்க்குது." அந்த மாதிரி. நான் பார்க்கிங்ல உக்காந்து போன நோண்டிக்கிட்டு இருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. வந்தாரு. கதவ தொறந்து உக்காந்து பெல்ட்ட போட்டாரு.

"என்னாச்சு அங்கிள்?"

"முடியல. இன்னும் பேப்பர் கேப்பாங்களாம்." பையில இருந்த பேனா ரெண்டையும் சரி பண்ணிக்கிட்டாரு. "அந்த எடத்துல நீ நோ போட்டிருக்க."

"அங்கிள், அது வந்து..."

"சரி. போலாம்."

பாதி வழியில, "ஹீட்டர கொற"ன்னாரு. அவ்ளோதான். பிகாஸ் இல்ல. அஞ்சு வருஷத்துல அவரு காரணம் ஒட்டாம எங்கிட்ட கேட்ட மொத விஷயம் அது. ஹீட்டர கொறச்சேன். எனக்கு வேர்த்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு ஆன்ட்டி போன் பண்ணி வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. லெட்டர் வந்திருக்கு, நீதான்ப்பா இங்கிலீஷ் நல்லா படிப்ப, வந்து சொல்லுன்னு. போனேன். சோபாவுல அங்கிள், கைய மடியில வெச்சிக்கிட்டு. ஆன்ட்டி வாழக்கா பஜ்ஜி போட்டுட்டு வந்து வெச்சாங்க. நான் லெட்டர படிச்சேன். அந்தக் கைது சம்பந்தமா போலீஸ் பேப்பர், கோர்ட் பேப்பர் எல்லாம் முத்திரையோட அனுப்பணும், இத்தன நாளைக்குள்ள. அதுக்குக் கீழ இன்னொரு பாரா. இந்த ஃபார்ம யாரோட உதவியும் இல்லாம நானே ரொப்புனேன், நோ போட்டது என் தப்புன்னு நீங்க எங்ககிட்ட சொல்லிருக்கீங்க.

அத படிக்கும்போது என் குரல் எனக்கே வேற யாரோ மாதிரி கேட்டுச்சு. ஆனா நிறுத்தாம படிச்சிட்டேன். படிச்சதுக்கப்புறம்தான் ஒறைக்குது, நான் நாலு வார்த்த முழுங்கிட்டுப் படிச்சிருந்தா ஆன்ட்டிக்குத் தெரிஞ்சிருக்காது. படிச்சிட்டேன்.

ஆன்ட்டி ஆரம்பிச்சாங்க. "ஊரான் மனுவுல எல்லாம் புள்ளி இல்ல, கமா இல்லன்னு திருப்பி அனுப்புன மனுசன்! பெத்த பொண்ணுக்குப் போடுற பேப்பர்ல கண்ணு எங்க போச்சு? நோவாம்ல நோவு! என்னத்த நெனச்சிக்கிட்டு நோ போட்டீரு? சொல்லும்!"

அங்கிள் சொன்னாரு, "தப்பாயிருச்சு."

"ஏன் ஆச்சு? எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருப்பீரே. இதுக்கு என்ன காரணம்?"

அவரு கைய நீட்டி எங்கிட்டருந்து லெட்டர வாங்கி மடிச்சாரு.

ரொப்புனது நான்னு தெரியாத ஆன்ட்டி என் பக்கம் திரும்புனாங்க. கண்ணெல்லாம் கலங்கிருந்துச்சு. "நீயாச்சும் பக்கத்துல இருந்து பாத்திருக்கக் கூடாதாப்பா?"

எழுத வேணாம்னு நெனச்சது இந்த எடத்துக்காகத்தான். என் கையில பாதி பஜ்ஜி. வாயில பாதி. நான் சொன்னேன், "கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன் ஆன்ட்டி."

அங்கிள் நிமிந்து என்னப் பாத்தாரு. மொறச்சிருந்தா தாங்கிருப்பேன். ரிகர்சல்ல நான் அடுத்த கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி ஒரு பார்வ பாப்பாரு, அந்தப் பார்வதான். அப்புறம் ஆன்ட்டிகிட்ட, "அவன் என்ன செய்வான். அவனுக்கு இன்னும் ரெண்டு பஜ்ஜி வையி"ன்னாரு.

மறுநாள் கடையில கேட்டேன். ஏன் அங்கிள் என் பேர சொல்லல? அவரு பொட்டி அறுத்துட்டு இருந்தாரு.

"அந்த ரவைய ரெண்டாவது ரேக்குல வை."

"பிகாஸ்?"ன்னேன், இளிச்சிக்கிட்டே. அது ஒண்ணுதான எனக்குத் தெரியும்.

அவரு சிரிக்கல. கோவப்படவும் இல்ல. பொட்டிய மடிச்சு ஓரமா வெச்சாரு. மூடியில எதுவும் எழுதல. அதுக்கப்புறம் எங்கிட்ட வாக்கியம் கேக்கவே இல்ல. ஆனா சாப்பாட்டுல பாதி மட்டும் தினமும் வந்துச்சு. என்ன பண்றது, சாப்டேன்.

எனக்கும் அப்ப க்ரீன் கார்டு பேப்பர் நடந்துட்டு இருந்துச்சு. எங்கப்பா மூலமா. பொய் ஃபார்ம் ரொப்புனவன்னு என் பேரு அங்க ஏறிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது. அங்கிளுக்குத் தெரிஞ்சிருக்கும், ஃபார்ம்லயே பொறந்து வளந்தவரு. அதுக்காகத்தான் சொல்லலயா, இல்ல வேற எதுக்காச்சுமான்னு இன்னிக்கு வரைக்கும் அவரு சொல்லல. நானா ஒரு காரணத்த ஒட்டி வெச்சிக்கிட்டேன், அவ்ளோதான்.

ஊருல இருந்து பேப்பர் வரல. எங்க இருந்து வரும்? சாயங்காலம் வீட்டுக்குப் போங்கன்னு சொன்ன கேசுக்கு கோர்ட் ஏது, முத்திர ஏது. ஊருலயே இருக்குற அங்கிளோட இன்னொரு மச்சினரு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடந்தாரு. அப்பிடி ஒரு பேப்பர் இல்லன்னு எழுதி வாங்கவே அத்தன மாசம் ஆச்சு. அது வந்து சேர்றதுக்குள்ள இங்க குடுத்த கெடு தாண்டிருச்சு. மனு தள்ளுபடி. மறுபடி மொதல்லேர்ந்து போடலாம்.

மாப்பிள்ள வீட்டுல பொறுத்துப் பாத்தாங்க. அவனுக்குக் கீழ தங்கச்சி ஒருத்தி இருந்தா. இந்தத் தையில முடிக்கிறீங்களா, இல்ல நாங்க வேற பாக்கட்டுமான்னு கேட்டுட்டாங்க. பொண்ணு அங்கிளுக்கு போன் பண்ணுனா. ஸ்டாக் ரூம்ல ஸ்பீக்கர்ல கேட்டுச்சு, நான் பக்கத்துலதான் நின்னேன். "அப்பா, எனக்கு அமெரிக்கா வேணாம்ப்பா. எனக்கு அவர் போதும். நீங்க வந்து நடத்தி வைங்க." அங்கிள் "சரிம்மா"ன்னாரு. திரும்பியும் "சரிம்மா"ன்னாரு. போய் நடத்தி வெச்சிட்டு வந்தாங்க. மனு அன்னியோட போச்சு. எனக்கு அதிரசம் கொண்டு வந்து குடுத்தாரு, தனி டப்பாவுல.

அப்புறம் பையனுக்கு நாட்டோட அந்தக் கோடியில, சான் ரமோன்ல வேல கெடச்சு மூணு பேரும் அங்க போயிட்டாங்க. அங்கிள் மறுபடி மனு போட்டு சிட்டிசன் ஆயிட்டாரு, இந்த வாட்டி வக்கீல் வெச்சு. பொண்ணு பேர்ல புதுசா மனு போட்டிருக்காரு. கல்யாணம் ஆன பொண்ணுக்கு அந்த வரிச எவ்ளோ நீளம்னு கேக்காதீங்க. ஒருநாள் நான் போன் பண்ணி ஒரு வழியா சாரி சொன்னேன். "விடுப்பா, சாப்டியா?"ன்னாரு.

ஆன்ட்டிக்கு என்ன ரொம்பப் பிடிக்கும். அவங்களா போன் பண்ணுவாங்க. போன வாரமும் பண்ணாங்க. பொண்ணுக்கு ஏழாம் மாசம், வளைகாப்புக்கு டிக்கெட் போட்டிருக்காங்க. சந்தோஷமாத்தான் ஆரம்பிச்சாங்க. நடுவுல குரல் மாறிருச்சு.

"இந்த மனுசன் அன்னிக்கு ஒரு எடத்துல ஒழுங்கா பாத்து போட்டிருந்தா எம்பொண்ணு இங்க என் வீட்டுல பெத்திருப்பா. நீயே சொல்லுப்பா, நான் கேக்குறது தப்பா? இன்னிக்கும் கேட்டேன், ஏன்யா நோ போட்டீருன்னு. வாயவே தொறக்க மாட்டேங்காரு."

பின்னாடி டிவி சத்தம் கேட்டுச்சு. அதுக்கும் பின்னாடி அங்கிள் குரலு, "யாரு, தம்பியா? நான் கேட்டேன்னு சொல்லு."

நான், "விடுங்க ஆன்ட்டி, முடிஞ்சு போனது"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்.

இவ்ளோதான் எழுதுனேன். எழுதி முடிச்சதும் சங்கத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, ஆஸ்டின்ல இருக்குற கார்த்திக்கு அனுப்பி, எப்பிடிடா இருக்கு, மலருக்குப் போடலாமான்னு கேட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. ரொம்ப நேரம் டைப் பண்ணிக்கிட்டே இருந்தான். கடைசியில வந்தது ஒரே வரி:

"மலருக்கு அப்புறம் போடலாம், மொதல்ல ஆன்ட்டிக்கு போனப் போடு."